முடிந்தது யாருடைய பாடம்?

பருவம் என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. விதைப்பதற்குரிய காலம் பருவம். பிள்ளையின் வயது பருவம். மழை பொழியும் நாளும் பருவமே. பள்ளிக்கூடத்தார் கல்வியாண்டை மூன்றாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் இதே பெயரை இட்டனர். 2012-13-ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முப்பருவ முறை நடைமுறைக்கு வந்தது. எண்ணி இட்டனரோ எண்ணாது இட்டனரோ, பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. உழவன் நாட்காட்டியை மட்டும் பார்த்து விதைப்பதில்லை. மண்ணைக் கையில் அள்ளி ஈரம் பார்த்த பின்னரே விதைக்கிறான். புதிய பருவத்துக்குப் பாடக்குறிப்பு எழுத அமரும் ஆசிரியர் எதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்? நூலையா, பிள்ளையையா?

இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா. பாடக்குறிப்பு எழுதுவது பள்ளிக்கூடத்து அன்றாட அலுவல்தானே, அதில் அறநெறி ஆராய்ச்சிக்கு என்ன இடம் என்று வாசக அன்பர்கள் கருதக்கூடும். ஆனால் திட்டம் என்பது ஒரு வாக்குறுதி. இன்ன நாளில் இன்னதைத் தருவேன் என்று எழுதிக் கையெழுத்து இடுகிறோம். வாக்குறுதி என்று வந்துவிட்டால், யாருக்கு அளித்தது, எப்போது நிறைவேறியது, நிறைவேறிற்று என்று சொல்லும் உரிமை எவருக்கு உண்டு என்னும் கேள்விகள் தாமே எழுகின்றன. அவை அறநெறிக் கேள்விகள் அன்றி வேறென்ன?

நிலமும் கணக்கும்

பூவிருந்தவல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆவடிக்குச் செல்லும் சாலை ஊரின் ஊடே செல்கிறது. ஒருபுறம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, மறுபுறம் திருமழிசை, அதற்கப்பால் திருப்பெரும்புதூர் ஆலைகள். வேலை இருக்கும் திசையில் குடும்பங்கள் நகர்கின்றன. வாடகை உயர்ந்தால் வீடு மாறுகிறது. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் மாறுகிறது. ஜூனில் சேர்ந்த பிள்ளை டிசம்பரில் மாற்றுச் சான்றிதழ் பெற்றுப் போய்விடுகிறது. அதன் இடத்தில் ஜனவரியில் வேறொரு பிள்ளை, சிலபோது வேறொரு தாய்மொழியோடு, வந்து அமர்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் ஆண்டுதோறும் வந்து, மழைக்கு முன் திரும்பிச் செல்வதை இப்பகுதியினர் நன்கறிவர்.

இத்தகைய ஊர்களின் சிறிய தொடக்கப்பள்ளி பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளி. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று அளவிட்டிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்றும் அச்சட்டமே கூறுகிறது. நாளொன்றுக்கு நான்கு மணி. இருவரும் முழு நேரமும் கற்பித்தாலும் கிடைப்பது எட்டு ஆசிரிய மணி, அதாவது 480 நிமிடம். அதனை ஐந்து வகுப்புகளுக்குப் பங்கிட்டால் வகுப்புக்கு 96 நிமிடம். பிள்ளை பள்ளியில் கற்க அமர்ந்திருப்பதோ 240 நிமிடம். எஞ்சிய 144 நிமிடமும் ஆசிரியரின் முகம் வேறு வகுப்பின் பக்கம் திரும்பியிருக்கிறது.

இக்கணக்கு நமக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. சிறிய பள்ளியில் பருவத் திட்டம் என்பது ஆசிரியர் என்ன பேசுவார் என்பதை எழுதுவது மட்டுமன்று. ஆசிரியர் தன்னிடம் பேசாத நேரத்தில் பிள்ளை என்ன செய்யும் என்பதை எழுதுவதே அதன் பெரும்பகுதி. ஆனால் குறிப்பேடுகளில் நாம் காண்பது 96 நிமிடத்துக்கான எழுத்தே. 144 நிமிடத்துக்குரிய பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது.

இரண்டு கடமைகள்

அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படுவோர்க்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அதனையடுத்த மற்றொன்று. ஏட்டில் இரண்டும் அருகருகே அமைதியாக இருக்கின்றன. வகுப்பறையிலோ ஒன்றையொன்று கழுத்தைப் பிடிக்கின்றன.

மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடத்த வேண்டிய வாரம். பத்தின் இடம் எது, ஒன்றின் இடம் எது என்று அறியாத பிள்ளைகள் சிலர் இருக்கின்றனர். அவர்களுக்காக நின்றால் பாடம் நிற்கும். பாடத்தோடு சென்றால் அவர்கள் நிற்பர். பெரும்பாலும் வெல்வது பாடமே. ஏனெனில் பாடத்துக்குக் கேட்பவர் இருக்கிறார்: எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று அதிகாரி வினவுவார். எந்தப் பிள்ளையில் இருக்கிறீர்கள் என்று வினவுவார் அரியர்.

இதன் விளைவு எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதை அண்மைக்கால வரலாறு காட்டிற்று. பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி வழியே பாடம் ஒலிபரப்பாயிற்று. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று திறந்தபோது அவர்கள் இரண்டாம் வகுப்பினர். வகுப்பறையின் கரும்பலகையை அவர்கள் முதன்முதலாகக் கண்டதே அப்போதுதான்! பதிவேட்டின்படி முதல் வகுப்பு முடிந்துவிட்டது. பிள்ளையின்படி அது தொடங்கவே இல்லை. பதிவேடும் பிள்ளையும் இவ்வாறு வேறுபட்டு நின்றமையால்தான் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது. அதில் பிள்ளைகள் வகுப்பால் அன்றி அடைந்த நிலையால் அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுக்கப்பட்டனர்.

அப்பெயர்களை நாம் பொருட்படுத்தாது செல்லலாகாது. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு முதலாக ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஈறாக வகைப்படுத்தினார். உவமையில் கூர்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆடு எந்நாளும் அன்னம் ஆவதில்லை. அரும்போ நாளை மொட்டாகும். மொட்டு மறுநாள் மலராகும். வகைப்படுத்துவதில் குற்றமில்லை. வகையை விட்டு வெளியேறும் வழியை அடைத்துவிடுவதே குற்றம். மெல்லக் கற்போர் என்று பருவத் தொடக்கத்தில் எழுதிய பட்டியல், பருவ இறுதியிலும் ஒரு பெயர்கூட மாறாது இருக்குமாயின், அப்பட்டியல் பிள்ளைகளைப் பற்றிய செய்தியன்று; நம் திட்டத்தைப் பற்றிய தீர்ப்பு.

நூலோர் கூறும் வழி

அரபியில் பாடத்தைக் குறிக்கும் ‘தர்ஸ்’ என்னும் சொல்லின் வேர், கதிரைப் போரடித்தலையும் குறிக்கும். மத்ரஸா என்னும் பெயரும் அவ்வேரிற் பிறந்ததே. மாடுகள் களத்தில் ஒருமுறை சுற்றினால் நெல் உதிராது. மீண்டும் மீண்டும் சுற்ற வேண்டும். பாடமும் அவ்வாறே என்பது அச்சொல்லின் உட்கிடை. இக்காலப் பிள்ளைகள் பாடம் போரடிக்கிறது என்று வேறு பொருளிற் சொல்வதுண்டு. சுற்றுவது மாடாக இல்லாமல் வெறும் தடியாக இருந்தால் அவர்கள் சொல்வதும் சரியே.

துனூஸில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில் கற்பித்தலை மூன்று சுற்றாக அமைக்கச் சொல்கிறார். முதற் சுற்றில் பொருளின் பருமையான வடிவம். இரண்டாவதில் விளக்கமும் வேறுபாடுகளும். மூன்றாவதில் ஐயம் எதுவும் எஞ்சாத தெளிவு. மாணவனின் மனம் ஏற்கும் அளவுக்கு மேற்பட்டதைத் தொடக்கத்திலேயே திணித்தால், அவன் கல்வி கடினமென்று கருதி அதனை விட்டே விலகுவான் என்றும், பாடங்களுக்கிடையே நெடிய இடைவெளி விழுந்தால் மறதி புகும் என்றும் எச்சரிக்கிறார். அவருக்கு ஏறத்தாழ இருநூறாண்டு முற்பட்ட நன்னூலும், ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை குறையும், மும்முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்கு உரைக்கும் ஆற்றல் வரும் என்னும் கருத்தினது. ஒருவரை ஒருவர் அறியாத இரு பெருமக்கள், கடல் கடந்த இரு நிலங்களில், மூன்று என்னும் ஒரே எண்ணில் வந்து நின்றது வியப்பன்றோ!

நன்னூல் மேலும் ஒரு கணக்குத் தருகிறது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே ஏற்றாலும் மாணவன் அடைவது காற்பங்கே. உடன் கற்போரோடு பயில்வதில் மற்றொரு கால். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. நம் 96 நிமிடத்தையும் 144 நிமிடத்தையும் இதனோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். ஆசிரியரின் முகம் திரும்பியிருக்கும் நேரம் வீண் நேரமன்று. முறையாக வகுத்தால் கல்வியின் முக்காற்பங்கு விளையக்கூடிய நேரம் அது.

இது வெறும் ஏட்டுக் கூற்றன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் படைவீரரின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோரைக் கற்பித்தார். 1797-இல் அதனை நூலாக வெளியிட்டார். பின்னர் அது ‘மதராஸ் முறை’ என்னும் பெயராலேயே இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கு அந்நாட்டில் கிடைத்த மதிப்பு அது.

மறுப்புகள்

இனி, எதிர்த்தரப்பினர் சொல்வதையும் கேட்க வேண்டும். பின்தங்கிய சிலருக்காகப் பலரை நிறுத்தி வைப்பது நீதியா? விரைந்து கற்கும் பிள்ளைக்கும் தாய்தந்தையர் உண்டு. அப்பிள்ளைக்கும் ஒரு ஹக்கு, ஓர் உரிமை, உண்டு. இது வலிமையான மறுப்பு.

இதற்கு நன்னூலின் அரைப் பங்கு ஒரு விடை தருகிறது. தான் அறிந்ததை அடுத்தவனுக்கு விளக்கும் பிள்ளை காலத்தை இழக்கவில்லை. தன் அறிவை ஊன்றச் செய்கிறது. ஆனால் இவ்விடைக்கு ஓர் எல்லையும் உண்டு. விரைந்து கற்கும் பிள்ளையை நாள் முழுதும் துணையாசிரியராக வேலை வாங்குவது அதன் உரிமையைப் பறிப்பதாகும். ஹிஜ்ரி 256-இல், அதாவது 870-இல், மறைந்த கைரவான் அறிஞர் இப்னு ஸஹ்னூன், சிறுவர்க்கு ஓதிக்கொடுக்கும் ஆசிரியரின் நெறிகளைத் தனி நூலாகவே வகுத்தார். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லி எழுதுவதில் பயன் உண்டு என்று ஏற்கும் அவர், அவ்வாறு எழுதியதை ஆசிரியர் தாமே பார்த்தாக வேண்டும் என்றும் விதிக்கிறார். பார்வையை ஒப்படைக்கலாகாது என்பது கருத்து. செல்வர் மகனையும் வறியவர் மகனையும் சமமாகக் கற்பிக்காதவர் அமானிதத்துக்குத் துரோகம் செய்தோர் கூட்டத்தில் சேர்வார் என்னும் கடுமையான எச்சரிக்கையும் அந்நூலில் இடம்பெறுகிறது.

சமம் என்பதையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். எல்லார்க்கும் ஒரே பக்கத்தை ஒரே நாளில் நடத்துவது சமம்போலத் தோன்றும். பூவிருந்தவல்லியில் பார்வைத்திறன் குறைந்தோர்க்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. அத்தகைய இடங்களில் எழுத்து கண்ணைத் தேடிச் செல்வதில்லை. புள்ளிகளாக எழுந்து விரல்நுனிக்கு வருகிறது. எல்லார்க்கும் ஒரே அச்சுப் புத்தகத்தைக் கொடுத்துச் சமமாக நடத்தினோம் என்று அங்கே எவரேனும் சொல்வரா? பிள்ளை எந்த வழியாக ஏற்குமோ அந்த வழியாகப் பாடம் நடந்து செல்வதே சமம்.

இரண்டாவது மறுப்பு ஆசிரியப் பெருமக்களிடமிருந்து வருவது. ஐந்து வகுப்புக்கு இருவரை அமர்த்திவிட்டு, பதிவேடுகளையும் கைப்பேசிப் பதிவுகளையும் அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே திட்டமிடுக என்பது இரக்கமற்ற அறிவுரை அன்றோ? ஆம், உண்மைதான். சட்டம் ஆசிரியரின் வாரத்தை, பாடத்துக்கு ஆயத்தம் செய்யும் நேரத்தையும் சேர்த்து, 45 மணியாகக் கணக்கிட்டது. வகுப்பில் நிற்கும் நேரம் மட்டுமே கற்பித்தல் அன்று என்று சட்டமே ஒப்புக்கொண்டது இதனால் விளங்கும். அந்த ஆயத்த நேரத்தை வேறு அலுவல்களால் விழுங்குவோர், பிள்ளையின் ஹக்கிலிருந்தே விழுங்குகின்றனர். பழியின் பெரும்பங்கு அவர்களுக்குரியது. எனினும், பிறர் கடமை தவறியது நம் கையெழுத்தின் பொறுப்பை நீக்கிவிடாது.

எவ்வாறு திட்டமிடுவது?

முதலாவது, குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் பாடங்களின் பெயர் அன்று, பிள்ளைகளின் பெயர் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அப்பிள்ளை இன்று எதனைத் தானே செய்யும் என்று ஒரே ஒரு வரி. அறுபது பெயர் என்றால் அறுபது வரி. இதுவே மண்ணின் ஈரம் பார்ப்பது.

இரண்டாவது, 144 நிமிடத்துக்குரிய பக்கத்தை முதலில் எழுதுக. யார் யாரோடு அமர்வது, எதைக் கையாள்வது, முடித்ததை எங்கே வைப்பது, அதனை ஆசிரியர் எப்போது பார்ப்பது. இது வகுக்கப்பட்டால் 96 நிமிடம் தானே ஒழுங்குபடும்.

மூன்றாவது, வெற்று நாட்களை விட்டு வைக்க வேண்டும். இரண்டாம் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வடகிழக்குப் பருவமழையும் அதே காலத்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையில் வாழ்வோர்க்கு 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர் பகுதிகளில் பள்ளிகள் பல நாள் மூடிக் கிடந்தன. அரையாண்டுத் தேர்வும் தள்ளிப்போயிற்று. மழை நாளுக்கு இடம் விடாத இரண்டாம் பருவத் திட்டம், இவ்வூரைக் காணாதவர் எழுதிய திட்டமே. நாளை செய்வேன் என்று சொல்லும்போது ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது நாவில் மட்டும் இருந்தாற் போதாது. குறிப்பேட்டில் வெற்றுக் கட்டங்களாகவும் இருத்தல் வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பதன் பொருள் இதுவே.

நான்காவது, ஒவ்வொரு பருவமும் தன்னளவில் நிறைவுடையதாக இருத்தல் வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி மொழியில் ஆசிரியரை ‘முவாலிமு’ என்பர். அது நம் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லே. தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே முன்னாளில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாட்டு மக்கள் அவரை இறுதிவரை அப்பெயராலேயே அழைத்தனர். அவர் 1967-இல் வெளியிட்ட கல்விக் கொள்கையின் சாரங்களுள் ஒன்று, தொடக்கக் கல்வி உயர்நிலைப் பள்ளிக்கு ஏணிப்படியாக மட்டும் இருத்தல் ஆகாது, தன்னளவிலேயே முழுமையாக இருத்தல் வேண்டும் என்பது. அந்நாட்டுப் பிள்ளைகளுள் மிகப்பலர்க்கு அதற்கு மேற்பட்ட கல்வி அன்று கிட்டாதிருந்தமையே காரணம். அந்நாட்டின் சிற்றூர்ப் பள்ளிக்கு அவர் சொன்னதைச் சென்னீர்குப்பத்தின் ஒரு பருவத்துக்கு நாம் சொல்லலாம். டிசம்பரில் மாற்றுச் சான்றிதழோடு செல்லப்போகும் பிள்ளை, அரைகுறையான பத்துப் பாடங்களை எடுத்துச் செல்வதைவிட, முழுமையான நான்கைக் கைக்கொண்டு செல்லட்டும். எங்குச் சென்றாலும் அந்நான்கும் அதனோடு இருக்கும்.

கத்ம் யாருடையது?

இறுதியாக, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். வாக்குறுதி யாருக்கு அளித்தது? அரசு சம்பளம் தருகிறது; அதிகாரி மேற்பார்க்கிறார்; பெற்றோர் ஒப்படைக்கின்றனர். எனினும் பெற்றுக்கொள்ள வேண்டியவர் பிள்ளை. ஒருவருக்குரிய அமானிதத்தை வேறொருவரிடம் கணக்குக் காட்டிவிட்டு ஒப்படைத்துவிட்டதாகச் சொல்லல் ஆகுமா? கடன்பட்டவன் சந்தையில் நின்று, நான் பணத்தை வாரி இறைத்துவிட்டேன், உரியவன் பொறுக்கிக்கொள்ளவில்லை என்று சொன்னால், கடன் தீர்ந்ததென்று எந்த நீதிபதியும் தீர்ப்பளிக்க மாட்டார். உரியவனின் கையில் சேர்வதே தீர்வு.

மக்தப்பில் ஓதிக்கொடுக்கும் முறையில் குறைகள் உண்டு. பொருள் அறியாமல் ஒப்பிப்பதும், பிரம்பை நம்புவதும் அவற்றுட் சில. ஆயினும் ஒரு நல்ல வழக்கம் அங்கே நிலைத்திருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உஸ்தாதின் முன் அமர்ந்து தத்தம் பாடத்தை ஓதிக்காட்டுவர். நேற்றையது சரியாக வந்தால் இன்றைக்குப் புதுப்பாடம். வாராவிட்டால் அதே பாடம். அருகருகே அமர்ந்திருப்போர் வெவ்வேறு பக்கத்தில் இருப்பது அங்கே எவர்க்கும் இழுக்கன்று. ஒரு பிள்ளை ஓதி முடிக்கும் நாளில் ‘கத்ம்’ ஆகிவிட்டது என்று இனிப்பு வழங்குவர். கவனிக்க வேண்டும்: கத்ம் பிள்ளைக்குத்தான். உஸ்தாத் கத்ம் செய்துவிட்டார், பிள்ளை இன்னும் செய்யவில்லை என்று எவரும் சொல்வதில்லை. அப்படி ஒரு வாக்கியமே அங்கே பிறக்காது.

பள்ளிக்கூடத்திலோ அந்த வாக்கியம் நாள்தோறும் பிறக்கிறது. பாடம் நடத்தி முடிக்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. நடத்தப்பட்டது என்பது ஆசிரியர் தம்மைப் பற்றிக் கூறும் சாட்சியம். அவர் தாராளமாகக் கூறலாம். முடிந்தது என்பது பிள்ளையைப் பற்றிய சாட்சியம். அதைக் கூறுமுன் பிள்ளையைக் கேட்டாக வேண்டும். புதிய பருவத்தின் குறிப்பேட்டைத் திறக்கும் ஆசிரியப் பெருமக்கள், அவ்விரு சொற்களையும் வெவ்வேறு கட்டங்களில் எழுதத் தொடங்குவார்களாயின், இரண்டாம் கட்டம் பல நாள் வெறுமையாக இருக்கும். இருக்கட்டும். பொய்யாக நிறைந்த கட்டத்தைவிட, மெய்யாக வெறுமையாக இருக்கும் கட்டம், நாளை எந்தப் பிள்ளையிடம் செல்ல வேண்டும் என்பதை நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.